பாக்கி இருந்த உச்சி

என் மகளுக்கு,

அஞ்செட்டி மலை ஏறும்போது பேண்ட் பின்பக்கம் கிழிந்துவிட்டது. கம்பெனிச் சட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு பனியனோடு ஏறினேன். மாடு மேய்த்த அம்மா, "ஏனுங்க, மேல அப்படி என்னதான் இருக்குது?" என்று சிரித்தாள். "டவர் கிடைக்கும்மா," என்றேன்.

மாவட்டத்துக்கு ஓர் உச்சி, இருவரும் சேர்ந்து தொட்டால்தான் கணக்கு என்று சட்டம் போட்டவள் நீ. பக்கத்தில்தானே என்று நம் மாவட்டத்து இந்த மலையைக் கடைசிக்கு வைத்தோம். அதற்குள் கல்யாணமாகிக் கனடா போய்விட்டாய்.

மேலே இருந்து போன் செய்தபோது, "நான் இல்லாம தொட்டுட்டீங்களா அத்தா?" என்றாய்.

"தொட்டாச்சு போ!"

உன் குரல் இறங்கிப்போனது.

தொடவில்லையம்மா. இன்னும் பாக்கி என்றால் உன்னை வரச்சொல்வதுபோல் ஆகிவிடுமே என்று பொய் சொன்னேன். கடைசிப் பாறைக்குக் கீழேயே கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டு இறங்கிவிட்டேன்.

உன் அத்தா