அக்குளில் கட்டிய நெறி

ஊரே ரவி என்று கூப்பிட்டாலும் கடைசிவரை என்னைச் 'சின்னவனே' என்றே கூப்பிட்ட என் சுசீலாக்காவுக்கு,

நீ போய் நாலு வருஷம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாதவன் இப்போது எழுதுகிறேன். பயமாக இருக்கிறது அக்கா. வீட்டில் யாரிடமும் பயம் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை.

உனக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது. மார்பில்தான். ஆம்பளைக்கு வருமா என்று நீ கேட்பாய். நானும் அப்படித்தான் கேட்டேன்.

மாதவரத்து லாரிப் பட்டறையில் என்ஜின் மேல் குப்புறச் சாய்ந்து வேலை பார்த்தபோது, இடது காம்புக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவுக்கு ஏதோ உறுத்தியது. வலி இல்லை. நீயும் வலி இல்லை என்றுதானே சொன்னாய்? அக்குளில் நெறி கட்டியிருக்கிறது, உடம்புச் சூடு என்று நீயே முடிவு கட்டி, மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு மூன்று மாசம் வேலைக்குப் போய்வந்தாய். காலில் புண் வந்தால் தொடையில் நெறி கட்டும், தானே அமுங்கும், அதுபோலத்தான் என்று நானும் ஒத்து ஊதினேன்.

அவ்வளவையும் பார்த்தவன் உடனே ஓடியிருக்க வேண்டாமா? ஐந்து மாசம் மூடி மறைத்தேன். பனியனைக் கழற்றாமலே தூங்கினேன். மார்பில் கட்டி என்று சொன்னால் பட்டறையில் எனக்கு என்ன பேர் வைப்பார்கள் என்று கூச்சம். கடைசியில் என் பெண்டாட்டி கல்பனாதான் துவைக்கப் போட்ட பனியனில் கறையைப் பார்த்துவிட்டு இன்னாய்யா இது என்றாள். கிரீஸ் என்றேன்.

"கிரீஸு செவப்பா கீதா?" என்றாள்.

தரையில் உட்கார்ந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

ஆஸ்பத்திரி வரிசையில் அத்தனை பெண்களுக்கு நடுவில் நான் ஒருத்தன்தான் ஆம்பளை. என் சீட்டை வாங்கிய நர்ஸ் கல்பனாவைத்தான் உள்ளே வரச் சொன்னார்.

உனக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை. எனக்கு டாக்டரம்மா காகிதத்தில் வரைந்து காட்டினார். ரத்தக் குழாய் போக, உடம்பு முழுக்க நூல் நூலாக வேறு குழாய்களும் ஓடுகின்றனவாம். அதில் ஓடுவது நிணநீர். வழியில் அங்கங்கே சின்னச் சின்னக் கணுக்கள் இருந்து கிருமியைப் பிடித்து வைக்கும். அந்தக் கணு வீங்கினால்தான் நாம் நெறி கட்டிவிட்டது என்கிறோம். கட்டியிலிருந்து பிரிந்த புற்று அணு அந்த நீரில் கலந்தால், மார்பிலிருந்து முதலில் போய்ச் சேருவது பெரும்பாலும் அக்குள் கணுவுக்கு. கணுவால் அதை அழிக்க முடியாவிட்டால் அங்கேயே பெருகும், அடுத்த கணுவுக்குத் தாவும், கழுத்தெலும்புக்கு மேலே ஏறும். அந்த நீர் கடைசியில் ரத்தத்தில்தான் போய் விழுகிறது. அதற்கப்புறம் நுரையீரல், எலும்பு, எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

அவர் சொல்லச் சொல்ல எனக்கு உன் முகம்தான் தெரிந்தது. முதலில் அக்குள். பிறகு கழுத்தெலும்பு மேல் ஒரு புடைப்பு, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாய். பிறகு அந்த இருமல். எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் காற்று என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அது வந்த வழி இதுதானா அக்கா?

ஆபரேஷனின்போது மார்பில் நீலச் சாயத்தை ஊசியால் ஏற்றினார்கள். சாயம் முதலில் எந்தக் கணுவுக்குப் போகிறதோ, புற்று போயிருந்தாலும் அங்கேதான் முதலில் போயிருக்கும் என்று அதை எடுத்துப் பரிசோதிப்பார்களாம். மயக்கம் தெளிந்து ஒன்றுக்குப் போனால் பச்சையாகப் போனது. செத்தேன் என்று கல்பனாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். சாயம்தான் வெளியேறுகிறது என்று நர்ஸ் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரிசல்ட் வரும்வரை என் கை தானாகவே கழுத்தையும் மறுபக்கத்து அக்குளையும் தடவிக்கொண்டே இருந்தது. இல்லாத நெறியெல்லாம் விரலில் தட்டுப்பட்டது.

மூன்று கணு எடுத்ததில் ஒன்றில் இருக்கிறது. அதற்கு மேலே ஏறவில்லை என்று ஸ்கேன் சொல்கிறது. மருந்து ஏற்ற வேண்டும், மாத்திரை வருஷக்கணக்கில் சாப்பிட வேண்டும், பிழைத்துக்கொள்ள நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார் டாக்டரம்மா. நான் மூச்சு விடுவதற்குள் இன்னொன்றும் சொன்னார். அக்காவுக்கும் வந்திருக்கிறது, ஆம்பளை உங்களுக்கும் வந்திருக்கிறது, இது குடும்பத்தின் வழியாக இறங்குவதாகவும் இருக்கலாம்.

"அக்காவுக்குப் பொண்ணு இருக்கா?"

இருக்கிறாள், பவானி என்று பேர் என்றேன்.

பவானிக்கு இப்போது இருபத்தாறு. ராயபுரத்தில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். தையில் அவளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம். தாலி ஏறும்வரை வாயைத் திறக்காதே என்றாள் கல்பனா. அவள் கெட்டவள் இல்லை, அவளுக்கும் பயம். ஒரு வாரம் நானும் சும்மா இருந்தேன். நீ மூன்று மாசம் போக்கினாய், நான் ஐந்து மாசம். இப்போது இந்தப் பெண்ணின் மாசங்களையும் நானே போக்கடிப்பதா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவொற்றியூரிலிருந்து பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போனேன். சட்டையைத் திறந்து தழும்பைக் காட்டினேன். அவள் வெகுநேரம் அதையே பார்த்தாள். குடும்பத்தில் இறங்குமாம் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

"அம்மாக்கு வந்தப்பவே எனக்குத் தெரியும் மாமா," என்றாள். "யார்கிட்ட கேக்கறதுனு பயம். தெனம் குளிக்கசொல்ல நானே தடவிப் பாத்துகினு கீறேன்."

நாலு வருஷமாக, அக்கா. தினமும், தனியாக. நாங்கள் யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாப்பிள்ளையிடம் அவளே போனில் சொல்லிவிட்டாள். ரெண்டு நாள் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நேற்றுத்தான், ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறான். அவன் அம்மா என்ன சொல்வாள் என்று தெரியவில்லை.

புதன்கிழமை போகிறோம். முதலில் என் ரத்தத்தைத்தான் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், அதில் குடும்பத்தில் இறங்கும் மரபணுக் குறை இருந்தால் பிறகு அவளுடையது. முடிவு வர நாளாகும். அவளுக்கு ஸ்கேனை அன்றைக்கே எடுத்துவிடுவார்கள்.

பயப்படாமல் இருப்பேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. இதை மட்டும் கொடுக்கிறேன்: முடிவு எதுவானாலும், அது என் கைக்கு வந்த அன்றே பவானி கைக்கும் போகும். அவள் இனி தனியாகத் தடவிப் பார்க்க மாட்டாள்.

உன் தம்பி,
பவானியின் தாய்மாமன்,
ரவி