‘நான் வரவில்லை’ என்றால் அம்மா சிரிக்கிறாள்

பிப்ரவரி 4

புது நாடு, புதுக் கட்டடம், பழைய வேலை. வாசல் கண்ணாடிக் கதவில் ‘இழு’, ‘தள்ளு’ ஸ்டிக்கர்களை இடம் மாற்றி ஒட்டிவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தேன். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் இதைத்தான் செய்வேன். அம்மா ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்ரே மெஷின் பொருத்தி, படம் பிடித்துச் சோதித்துக் கொடுத்துவிட்டு அடுத்த நாட்டுக்குக் கிளம்புகிறவள். அவள் எலும்பைப் பிடிப்பாள், நான் வம்பைப் பிடிப்பேன். குடும்பமே நாங்கள் இரண்டு பேர்தான்.

தபால்காரர் முட்டிக்கொண்டார். கைப்பையோடு ஓடிவந்த டீச்சர் மாதிரி ஒரு அம்மாள் முட்டிக்கொண்டார். மூக்கைத் தேய்ப்பதற்கு முன்னால் இரண்டு பேரும் செய்தது ஒன்றே — யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தது. பனி கொட்டும் ஊரிலும் இப்படித்தான், மணல் பறக்கும் ஊரிலும் இப்படித்தான். சின்ன வயதில் ஒவ்வொரு நாட்டு மனிதரையும் பார்த்துப் பயந்து அம்மாவின் பின்னால் ஒளிவேன். இப்போது பயமே இல்லை. மனுஷங்க எல்லாரும் ஒண்ணு. அம்மாவும் அதைத்தான் சொல்வாள்: “எந்த ஊரு விலா எலும்பும் ஒரே மாதிரிதான்டி வாலு.”

பிப்ரவரி 5

மாட்டிக்கொண்டேன்!

என் வயதுப் பெண் ஒருத்தி, புத்தகப் பை, நல்ல வேகம். டமார். எந்த நாட்டிலும் நான் வாய்விட்டு வர்ணனை கொடுப்பேன், யாருக்குப் புரியப்போகிறது? “ஐயோ பாவம், மூக்கு சப்பையாயிடுச்சு!”

அவள் சுற்றும் முற்றும் பார்க்கவில்லை. நேராக மேலே பார்த்தாள்.

“சப்பை உன் மூஞ்சி. இறங்கி வாடி கீழே!”

நம்ம பாஷை! இரண்டு ஸ்டிக்கரையும் உரிக்க வைத்து, சரியாக ஒட்டும்வரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பெயர் சொன்னாள். அதைவிட நான் வைத்த பெயர்தான் பொருத்தம்: முறைப்பு.

பிப்ரவரி 19

முறைப்பும் நானும் ஒரே கட்டடம், ஒரே வகுப்பு. “நான் படிக்கிறது பத்தாவது, ஆனா எந்த ஊருக்குப் போனாலும் ‘உன் படிப்பு பத்தாது’ங்கறாங்க” என்றேன். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. இன்று காலை படியில் இறங்கும்போது திடீரென்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். “நேத்து சொன்னியே...”

அவள் அப்படித்தான். எதற்கும் அடுத்த நாள்தான் சிரிப்பாள். இப்படி ஒரு பிறவியை நான் எந்த நாட்டிலும் பார்த்ததில்லை. இல்லை, இருந்திருப்பார்களோ? அடுத்த நாள் சிரிக்கிறவளைத் தெரிந்துகொள்ள, அடுத்த நாளும் அதே ஊரில் இருக்க வேண்டுமே.

மார்ச் 2

மணல் ஊரில் ஒரு பையன் எனக்கு விசிலடிக்கக் கற்றுக்கொடுத்தான். விசில் இருக்கிறது, அவன் முகம் இல்லை. பனி ஊர் ரொட்டிக்கடைக்காரி என்னை என்னவோ சொல்லிக் கூப்பிடுவாள். என்ன சொல்லி? எவ்வளவு யோசித்தும் வரவில்லை. இந்நேரம் அங்கே யார் கடை திறந்திருப்பார்கள்?

எத்தனை நாட்டு மனுஷங்களைப் பார்த்திருக்கேன். படியில உட்கார்ந்து பார்த்தா எல்லாரும் ஒண்ணாத்தான் தெரிவாங்க. அவங்கள்ல ஒருத்தருக்காவது எனக்கு இருட்டுன்னா பயம்னு தெரியுமா?

முறைப்புக்குத் தெரியும். போன வாரம் கரண்ட் போனபோது தானாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

மார்ச் 20

“கடல் இருக்கிற ஊருடி!” என்று ஷூவைக் கழற்றும் முன்பே அம்மா சொல்லிவிட்டாள். ஏப்ரலில் கிளம்ப வேண்டுமாம்.

“நான் வரலை.”

சிரித்தாள். “சரி, நீ இங்கேயே மெஷினுக்குக் காவல் இரு.”

“நிஜமாம்மா.”

“போன தடவை கட்டில் காலோட கையைக் கட்டிக்கிட்டு என்னா கூத்து! வயிறு வலிக்கச் சிரிச்சேன்.”

உண்மைதான், கட்டிக்கொண்டேன். விளையாட்டுக்குத்தான். பாதி விளையாட்டுக்கு.

மார்ச் 21

முறைப்பிடம் சொன்னேன். “உங்கம்மா மேல தப்பில்ல. நீ அழுதாக்கூட வெங்காயம்னுதான் நினைப்பாங்க” என்றாள். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முறைத்திருக்கலாம். தாங்கியிருப்பேன்.

மார்ச் 22

எழுதப் பிடிக்கலை.

மார்ச் 23

அம்மா பரணிலிருந்து பெட்டிகளை இறக்கினாள். எப்போதும் நான்தான் முதலில் என் பெட்டியை இழுத்துப் பாட்டும் கூத்துமாகக் கட்டுவேன். இன்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

“என்னடி, இன்னும் ஜோக் வரலை?”

“வரலைம்மா. நான் ஜோக் சொன்னா அவ மறுநாள்தான் சிரிப்பா. அப்ப நான் இருக்கணும்மா... வேற யாருக்கும்மா என்னைத் தெரியும்?” குரல் உடைந்துவிட்டது. ச்சே!

அம்மா ஜிப்பைப் பாதியிலேயே விட்டாள். பிறகு தரையில் என் எதிரே உட்கார்ந்தாள்.

“ஒரே ஊர்ல இருக்கிற வேலை தரட்டுமான்னு ஆபீஸ்ல கேட்டாங்கடி. ரெண்டு தடவை. உனக்குச் சுத்துறதுதான் பிடிக்கும்னு வேணாம்னுட்டேன். நீதானே எப்பவும் சிரிச்சுக்கிட்டே முதல்ல பெட்டி கட்டுவே?”

“நீ வாடிடக் கூடாதுன்னு சிரிச்சேன்மா.”

“அடிப்பாவி.”

எத்தனை நாட்டுக்காரர்களின் நெஞ்சைப் படம் பிடித்திருக்கிறாள்! அவளுக்காக நான் சிரிக்க, எனக்காக அவள் ஊர் ஊராகப் போக... எங்கள் இரண்டு பேரையும்விடப் பெரிய ஏமாளிகளை எந்தப் படியில் உட்கார்ந்தும் நான் பார்த்ததில்லை.

மார்ச் 26

ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறாள். பார்த்துச் சொல்கிறார்களாம். பெட்டிகள் நடுக்கூடத்தில் கிடக்கின்றன. கட்டவும் இல்லை, பரணில் ஏற்றவும் இல்லை. தாண்டித் தாண்டிப் போகிறோம்.

ஏப்ரல் 9

அம்மா இன்று சுவரில் ஆணி அடித்தாள். இருந்த எந்த வீட்டிலும் நாங்கள் ஆணி அடித்ததில்லை. அவளுக்குச் சுத்தியலைப் பிடிக்கவே தெரியவில்லை, கட்டைவிரலில்தான் பாதி அடி. என்ன மாட்டப்போகிறோம் என்று இன்னும் முடிவாகவில்லை.

கீழ் வீட்டுத் தையல்காரர் தலையைப் பிடித்துக்கொண்டு மேலே வந்து இந்த ஊர் பாஷையில் கேட்டார். “இன்னும் எவ்வளவும்மா பாக்கி?”

“நிறைய இருக்கு மாமா” என்றேன்.

அம்மா சிரிக்கவில்லை. அடுத்த ஆணியை எடுத்து என் கையில் கொடுத்தாள்.