சாப்பாட்டோடு கூலி

கூடத்து மூலையில் பூசிய சிமெண்டு இன்னும் ஈரமாக இருக்கிறது. அந்த வாசனையில் உட்கார்ந்துதான் உனக்கு எழுதுகிறேன். ஆமாம், நானேதான். நீ போன பிறகு, பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்புக்குப் போய் எழுத்துப் பழகிவிட்டேன். ஒரு வரி முடிப்பதற்குள் வாசலில் வெயில் இடம் மாறிவிடுகிறது. எனக்கென்ன அவசரம். எழுத எழுத, நீ அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பது போலவே இருக்கிறது.

நீ படுக்கும் மூலைக்கு மேலேதான் தளம் ஒழுகியது. ஐப்பசி மழைக்கு முன்னால் பூசியாக வேண்டும். பூதலூரில் கொத்தனார் சேகர் இருக்கிறான், கூப்பிட்டால் வருவான். ஆனால் கூலியை யார் பேசுவது? அந்த நினைப்பிலேயே நாட்களைத் தள்ளினேன். பண்ணையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, ஒரு சொல் கேட்காமல் வரப்பில் நடந்து வீடு வந்தவன் நான்.

நீ அப்படியில்லை. தாளடி நடவு சமயத்தில், விடியற்காலைப் பனியில், பெண்களையெல்லாம் வரப்பிலேயே நிறுத்தி வைத்திருப்பாய். கொக்குகள் சேற்றில் இறங்கி மேய ஆரம்பித்துவிடும். நீங்கள் இறங்கமாட்டீர்கள். பண்ணையின் காரியக்காரர், கூலியைச் சொல்லாமல், பார்த்துத் தருகிறேன் என்பார்.

"இப்பவே பாருங்கய்யா, நாங்க நிக்கிறோம்" என்பாய்.

கண்ணை மூடினால் அந்தப் பனி இன்றும் மெல்ல எழுந்து வருகிறது. அதற்குள் உங்கள் சேலை நிறங்கள் மட்டும் மிதக்கின்றன.

பிறகு நமக்கென்று தளம் போட்ட வீடு வந்தது. குழாய் உடைந்தால், கதவு தொங்கினால், நாமே ஆள் வைக்கும் காலமும் வந்தது. சேகர் முதல்முறை வந்தபோது, அவனும் "பாத்துக் குடுங்க பெரியம்மா" என்றான். நீ அவனைப் பையைக் கீழே வைக்க விடவில்லை.

"நான் பாத்தா எனக்குத் தோதா இருக்குறதுதான் கண்ணுல படும். நீ வாயத் தொறந்து சொல்லு."

அவன் சொன்னதை நீ குறைக்கவில்லை. சாப்பாட்டோடா, சாப்பாடு இல்லாமலா என்று மட்டும் கேட்டாய். சாப்பாட்டோடு என்றால் கூலி கொஞ்சம் குறையும். உன் விரால் குழம்பை ஒருமுறை தின்றவன் எவனும் முழுக் கூலி கேட்டதில்லை.

நேற்று அவன் வந்தபோது வானம் கருத்துக் கிடந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, கூலியைச் சொல்லப்பா என்றேன். உன் படத்தைப் பார்த்துக்கொண்டே, பெரியம்மாவிடம் பேசிய பழைய சாப்பாட்டுக் கூலியே போதும் என்றான். அது எப்படி நியாயம்? சமைக்க நீ இல்லை. சோறு போடாமல் அந்தக் கூலியைக் கொடுத்தால், அவன் வயிற்றில் அடித்ததாக ஆகாதா? முழுக் கூலிதான் என்று நான் ஏற்ற, வேண்டாம் என்று அவன் இறக்க, மழைமேகம் கூடிக்கொண்டே வந்தது. எதிர்வீட்டு மல்லிகா வேலியோரம் வந்து நின்றுவிட்டாள்.

"என்ன பெரியப்பா, பேரத்தத் தலைகீழா பேசுறீங்க?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சரி, சாப்பாட்டுக் கூலியே இருக்கட்டும், ஆனால் சாப்பாடு நான் போடுவேன் என்றேன். சொன்ன பிறகுதான் திக்கென்றது.

அவன் மேலே விரிசலைக் கொத்திப் பூசித் தார்ப்பாயால் மூடினான். பிறகு உள்ளே வந்து மூலையைப் பூசினான். நான் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். புகையில் கண் கரிக்க, உன் கை எங்கெங்கே போகும் என்று நினைத்து நினைத்து வைத்தேன். நீ உப்பு அள்ளுவது நினைவுக்கு வந்தது. கருவாட்டிலேயே உப்பு இருக்கும் என்பது வரவில்லை.

முதல் வாய் வைத்ததும் சேகர் கண்ணை மூடிக்கொண்டான். ருசிக்கிறான் என்று பூரித்துப் போனேன். அவன் சொம்புத் தண்ணீரை முழுவதும் குடித்து முடித்து, மெதுவாகச் சொன்னான்.

"பெரியப்பா, இந்தச் சோத்துக்கெல்லாம் கூலியில கழிக்க முடியாது. முழுசாவே குடுத்துடுங்க."

நீ போன பிறகு இந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு எழுந்ததில்லை. அவன் கேட்டபடியே முழுக் கூலியும் கொடுத்தேன். இரண்டு பேருக்கும் நிம்மதி.

நாளைக்குக் கொல்லைக் கதவைப் பார்க்க ஆசாரி வருகிறார். அவரிடமும் நான்தான் பேசப்போகிறேன். கூலி பேசும்போது, உன்னைப் போலவே ஒரு கையை இடுப்பில் ஊன்றி, தலையைச் சாய்த்து நிற்கிறேனாம். மல்லிகா நடித்துக் காட்டிச் சிரிக்கிறாள். எனக்கும் இப்போது தெரிகிறது. அந்தக் கையை எடுக்க மனம் வரவில்லை.