சாட்சிக் கால்

மார்ச் 3, செவ்வாய்

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு அச்சகத்தில் முக்கால் டன் காகித உருளை ஒன்று உருண்டு வந்து என் இடது இடுப்பில் மோதியது. உருளை நகராமல் இருக்க இருபுறமும் கொடுக்க வேண்டிய முட்டுக்கட்டையை நிர்வாகம் வாங்கித் தரவில்லை. விபத்துப் பதிவேட்டில் மேலாளர் எழுதியது: ‘தொழிலாளியின் கவனக்குறைவு.’ எனக்கு நடந்த அநியாயம் இதுதான். புது நோட்டு தொடங்கும்போதெல்லாம் முதல் பக்கத்தில் இதை எழுதிவிடுவது என் வழக்கம்.

இன்று தொழிலாளர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பதினேழாவது மனுவுக்குப் பதில். 27-ம் தேதி மறுவிசாரணை, நேரில் வரவும். வருகிறேன். வலது கையில் தடி, இடது கைக்கு என் மனைவி இவள் தோள் என்று நான் உள்ளே நுழைவதைப் பார்க்கட்டும். இந்தக் காலைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

மார்ச் 5, வியாழன்

மகள் என்னைக் கேட்காமலே ஒரு வகுப்பில் என் பெயரை எழுதிவைத்துவிட்டாள். வலி குறைக்கும் வகுப்பாம். டயர் கடைக்கு மேலே ஓர் அறை. இவள் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினேன். இவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவன். ஆனால் புத்தகம் வாங்கி, உடம்பில் உள்ள அத்தனை எலும்பின் பெயரையும் தெரிந்து வைத்திருக்கிறேன். அந்தப் பயிற்சியாளர் அம்மா ஒரு எலும்பின் பெயரும் சொல்லவில்லை. பாயில் படுத்து, முழங்காலை மடக்கி, ஒரு பக்கமாகச் சாய்க்கச் சொன்னார். சாய்த்தேன். “பாதி போதும்” என்றார். குறைத்தேன். “அதுலயும் பாதி.” அச்சகத்தில் பாதி வேலை செய்தவனை நான் விட்டுவைத்ததில்லை. பக்கத்துப் பாயில் கழுத்து திரும்பாத பஸ் டிரைவர் ஒருவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பல்லைக் கடிக்காதீங்க ஐயா, இங்க பரிசெல்லாம் கிடையாது” என்றார்.

அந்த அம்மாவுக்குப் ‘பாதி போதும்’ என்று பெயர் வைத்தாயிற்று.

மார்ச் 10, செவ்வாய்

மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, எந்தக் குதிகால் தரையில் அதிகமாக அழுந்துகிறது என்று கவனிக்கச் சொன்னார்.

வலது தெரிந்தது. இடது — இல்லை. கண்ணைத் திறந்து எட்டிப் பார்த்தேன், அங்கேதான் இருந்தது. மூடினால் காணோம். வலிக்கிற கால் அது. நாள் முழுக்க நான் பேசுகிற கால். அதன் குதிகால் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 12, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

‘பாதி போதும்’ இன்று என் இடுப்புக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்தார். அழுத்தவில்லை, இழுக்கவில்லை, சும்மா தாங்கினார். ரொம்ப நேரம். அடைத்திருந்த மூச்சு ஒன்று வெளியே வந்தது. பிறகு கால் தானாக வெளிப்பக்கம் உருண்டது. வலி இல்லை. எழுந்து நிற்கச் சொன்னார். நடக்கச் சொன்னார். சுவர் வரைக்கும் நடந்தேன். தடி பாய்க்குப் பக்கத்திலேயே கிடந்தது. நான் நொண்டவில்லை.

“உங்க வலி பொய் இல்லீங்க ஐயா. எலும்பு எப்பவோ கூடியிருக்கும். ஆனா இந்தக் கால் இன்னும் அந்த அடி விழப்போகுதுன்னே காத்துக்கிட்டு இருக்கு.”

இருபத்திரண்டு வருஷமாவா?

எலும்பு கூடிவிட்டது என்று சொன்ன டாக்டர்கள் எல்லோரோடும் சண்டை போட்டிருக்கிறேன். அத்தனை பேரும் நிர்வாகத்தின் ஆட்கள் என்று மனுவிலேயே எழுதியிருக்கிறேன்.

சந்தோஷப்பட வேண்டாமா நான்? விசாரணைக்கு இன்னும் பதினைந்து நாள். நேராக நடந்து போய் நின்றால் எவன் நம்புவான்?

மார்ச் 13, வெள்ளி

இனி வகுப்பு கிடையாது. கால் சரியானால் வழக்கு போச்சு. 27 முடியட்டும், அப்புறம் சரியாகட்டும். மகளிடம் தலைசுற்றல் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

கூடத்தில் நொண்டி நடந்து பார்த்தேன். சரியாக வரவில்லை. என்னைப் போல நானே நடிக்கிறேன். சீ.

மார்ச் 17, செவ்வாய்

இவள் காலையில் வெளியே போய் ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தாள். கேட்டால் கடைக்காம். பை காலி.

மார்ச் 19, வியாழன்

இன்றும் கிளம்பினாள். பின்னாலேயே போனேன். டயர் கடை. சுவரைப் பிடித்துக்கொண்டு மாடியேறினேன். கதவு பாதி திறந்திருந்தது.

என் பெயரில் கிடந்த பாயில் இவள்.

எழுந்து, கண்ணை மூடி, நேராக நிற்கச் சொன்னார்கள். நின்றாள். நான் பிடித்து நடக்கிற வலது தோள் நாலு விரல்கடை இறங்கியிருந்தது. இடுப்பு ஒரு பக்கம் ஒதுங்கி, கால் அகன்று, உடம்பு மொத்தமும் யாரையோ தாங்கிக்கொண்டு நின்றது. பக்கத்தில் யாரும் இல்லை. இருந்தும் தாங்கிக்கொண்டு நின்றாள். நேராக நிற்பதாகத்தான் அவள் நினைப்பு.

“என்னம்மா, கையில ஏதாச்சும் கனம் வச்சிருக்கீங்களா?” என்றார் டிரைவர்.

“கனம் வீட்டுல உக்காந்திருக்கு” என்றாள் இவள், கண்ணைத் திறக்காமலே.

எல்லோரும் சிரித்தார்கள். ‘பாதி போதும்’ கூட. நான் கதவோரம் நின்றேன்.

வரும் வழியில் எப்போதிருந்து வலி என்று கேட்டேன். பதினெட்டு வருஷம் இருக்கும் என்றாள், சாதாரணமாக, பஸ் எத்தனை மணிக்கு என்பதுபோல. ஏன் சொல்லவில்லை?

“நம்ம வீட்டுல ஒரு வலிக்குத்தானே இடம் இருந்துச்சு?”

கொஞ்ச தூரம் போன பிறகு அவளே நின்றாள். “உங்க கால் இப்ப சரியாயிடக் கூடாதுன்னு நீங்க நினைக்கறது எனக்குத் தெரியாதா? சரி, உங்க இஷ்டம். என் தோள் எந்தப் பதிவேட்டுல இருக்கு, அதை மட்டும் சொல்லுங்க.”

மேலாளர், டாக்டர், யூனியன்காரன் — யாருக்கும் நான் பதில் சொல்லாமல் விட்டதில்லை. இன்று வீட்டுக்கு வந்து இந்த நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிப் படித்தேன்.

மார்ச் 20, வெள்ளி

எந்தப் பதிவேட்டில்?

மார்ச் 24, செவ்வாய்

இரண்டு பேரும் போனோம். இரண்டு பாய். படியேறும்போது என் இடது கை தானாகவே அவள் தோளுக்குப் போனது. பிடித்து இழுத்துக்கொண்டேன். அந்தக் கைக்கு வேறு போக்கிடமே தெரியவில்லை, கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு கைப்பிடிக் கம்பியைக் காட்டிக்கொடுத்தேன்.

வகுப்பில் என்ன செய்தோம் என்று ஞாபகம் இல்லை. அவள் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் 27, வெள்ளி

விசாரணை. தடியை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். இவள் வெளியே உட்கார்ந்தாள். நான் தனியாக உள்ளே நடந்தேன். கொஞ்சம் இழுத்தது, அவ்வளவுதான்.

அச்சகத்திலிருந்து வந்தவன் சிரித்தான். “நல்லாத்தானே நடந்து வர்றீங்க பெரியவரே?”

இதற்குத்தான் இத்தனை நாளும் பயந்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு. “ஆமா, நடக்கறேன். என் கால் எப்படி இருக்குன்னு உங்க பதிவேட்டுல எழுதியிருக்கா? கவனக்குறைவுன்னு எழுதியிருக்கு. முட்டுக்கட்டை எங்கே? அதைச் சொல்லுங்க.”

விசாரணை அதிகாரி பேனாவை மூடப் போனவர், மூடவில்லை. என்னென்ன வாங்கினார்கள் என்று காட்டும் அந்த வருடத்துக் கிடங்குப் பதிவேடு இருக்கிறதா என்று கேட்டார். சிரித்தவன் தேடிப் பார்க்க வேண்டும் என்றான். ஏப்ரல் 17-க்குள் கொண்டுவரச் சொல்லி எழுதினார்.

வீட்டுக்கு வந்து பழைய மனுக்களின் நகல்களை எடுத்துப் படித்தேன். பதினேழில் முட்டுக்கட்டை முதல் மனுவில் மட்டும்தான் இருக்கிறது. மீதிப் பதினாறும் கால், கால், கால். நான் காலைக் காட்டினேன், அவர்கள் டாக்டரை அனுப்பினார்கள். எவ்வளவு சௌகரியம் அவர்களுக்கு. கட்டையைக் கேட்டிருந்தால் யாரை அனுப்பியிருப்பார்கள்?



மார்ச் 31, செவ்வாய்

ஆக வேண்டியவை.

அச்சக நிர்வாகம்: 17-ம் தேதிக்குள் கிடங்குப் பதிவேட்டைக் கொடுக்க வேண்டும். ‘கவனக்குறைவு’ என்ற சொல்லை அடிக்க வேண்டும். நான் விடுவதாக இல்லை.

விசாரணை அதிகாரி: தவணை கேட்டால் கொடுக்கக் கூடாது.

மகள்: தலைசுற்றல் பொய் என்று நான் சொல்லும்போது, திட்டித் தீர்த்துவிட்டு, அவள் அம்மா பெயரையும் வகுப்பில் எழுத வேண்டும்.

நான்: கம்பியைப் பிடித்துப் படியேற வேண்டும். பல்லைக் கடிக்கக் கூடாது. பதினெட்டாவது மனுவில் காலைப் பற்றி ஒரு வரியும் கூடாது.

இவள்: ஒன்றும் செய்ய வேண்டாம்.

எழுதிவிட்டு இவளிடம் காட்டினேன். நின்றபடியே படித்தாள். பேனாவை வாங்கிக் கடைசி வரியை அடித்துவிட்டு, கீழே தன் கையால் எழுதினாள்:

நான்: இனிமேல் இவருக்கு வலது பக்கம் நடப்பேன்.