பதினான்காம் எண் கம்ப்யூட்டர்

வடக்குத்து
20.7.2014

அன்பு மகள் மணிமொழிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், உன் சுகத்துக்கு எழுது. ஹாஸ்டலில் செல்போன் கூடாது என்று வாங்கி வைத்துக்கொண்டதும் ஒரு வகையில் நல்லதுதான். போனில் என்றால் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதோடு முடிந்துவிடும்.

அப்பாவுக்குச் சுரங்கத்தில் இந்த வாரம் இரண்டாம் ஷிப்ட். கான்ட்ராக்டர் புது ஷூ கொடுத்தார், ஒரு கால் எட்டு, ஒரு கால் ஒன்பது. அதையே மாட்டிக்கொண்டு சைக்கிளில் போகிறார்.

நான் பெருக்குகிற டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் ஒரு புதுசு வந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் கணக்குப் பயிற்சி. முதலில் ஒரு சோதனை வைத்து, நீ எந்த வகுப்பு அளவில் இருக்கிறாய் என்று சொல்லிவிடும். பிறகு அங்கிருந்து கணக்குக் கொடுத்துக் கொடுத்து மேலே ஏற்றுமாம். ஒன்பதாவது படிக்கிற ஒருவனைப் பார்த்து நீ ஆறாவது என்றது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அந்தச் சிரிப்புக்குத்தான் அனுபவித்தேன். பிள்ளைகள் பாஸ்வேர்டை மறந்துபோகிறார்கள் என்று கம்ப்யூட்டர் டீச்சர் புஷ்பவல்லி மிஸ் மிஷினுக்கு மிஷின் சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறார். பதினான்காம் எண்ணில் சத்யா என்ற பெண்ணின் சீட்டு. அவள் பள்ளி திறந்த மாதமே டி.சி. வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டாள். சாயந்திரம் ஐந்து மணிக்கு லேபைத் துடைத்து, மிஷின்களை அணைத்துப் பூட்டுவது என் வேலை. சும்மா இருக்காமல் சத்யா பெயரை அடித்து உள்ளே போனேன். நாற்பது கேள்வி. முடித்ததும் நான்காம் வகுப்பு என்று போட்டது.

நான்காம் வகுப்பாம்! ஏழாவது முழுப் பரீட்சை வரைக்கும் படித்தவள் நான். அதற்கு மேல் முந்திரிக்காட்டுக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள், அது என் தப்பா? என் ஏழாவதை அந்த மிஷினிடமிருந்து வாங்காமல் விடப்போவதில்லை. அப்பாவிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

ஒரே ஒரு சந்தேகம். ஏழில் மூன்று பெரியதா, ஐந்தில் இரண்டு பெரியதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

உன் அம்மா
அன்புக்கரசி


திருச்சி
3.8.2014

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது, மற்றபடி குறையில்லை.

அம்மா, அது வேறொரு பெண்ணின் பெயர். மாட்டிக்கொண்டால் உன்னை வேலையை விட்டே நிறுத்திவிடுவார்கள். உனக்கு எதற்கு இந்த வயதில் ஏழாவதும் எட்டாவதும்? நான் டிப்ளமா முடித்து வேலைக்குப் போனால் நீ வீட்டில் இருக்கப்போகிறவள்தானே.

இன்னொன்று. இன்லேண்டில் எழுதாதே, கவரில் போட்டு ஒட்டி அனுப்பு. இங்கே வார்டன் சாப்பாட்டு ஹாலில் வைத்துத்தான் கடிதம் கொடுப்பார், நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். பெருக்குவது, துடைப்பது எல்லாம் எழுத வேண்டாம். அம்மா ஸ்கூலில் வேலை பார்க்கிறாள் என்று சொல்லியிருக்கிறேன். அவ்வளவு போதும்.

ஜனவரியில் பெற்றோர் தினம் வருகிறது. நீ அலைய வேண்டாம். உனக்கு முட்டி வலி வேறு.

அன்பு மகள்
மணிமொழி

பி.கு.: குறுக்கே பெருக்கிப் பார். மூவைந்து பதினைந்து, ஈரேழு பதினான்கு. அதனால் ஏழில் மூன்றுதான் பெரியது.


வடக்குத்து
12.10.2014

அன்பு மகளுக்கு,

கவரில்தான் அனுப்பியிருக்கிறேன். வாய் ஒட்டுவதற்கு இரண்டு சோற்றுப் பருக்கை போட்டேன், எவள் எட்டிப் பார்த்தாலும் தெரியாது.

எனக்கு ஏது முட்டி வலி? முட்டி போட்டு இருபது அறை துடைக்கிறவள் நான். ஸ்கூலில் வேலை என்று நீ சொன்னதும் அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? டீச்சர் என்று நினைத்திருப்பார்கள். நீயும் இல்லை என்று சொல்லியிருக்க மாட்டாய். கோபம் இல்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான். பெற்றோர் தினத்துக்கு வரமாட்டேன், பயப்படாமல் படி.

நீ சொன்ன குறுக்குப் பெருக்கல் பலித்தது. தினம் நாற்பது நிமிஷம் உட்காருகிறேன். தப்புப் போட்டால் அது முகம் சுளிப்பதில்லை, அதைவிடச் சுலபமான ஒன்றைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறது. என் வாழ்க்கையில் கணக்குச் சொல்லிக் கொடுத்த எவரும் எனக்காக இப்படிக் காத்திருந்ததில்லை. ஆகஸ்டில் ஐந்தாவது, செப்டம்பரில் ஆறாவது. போன செவ்வாய்க்கிழமை ஏழாம் வகுப்பு என்று பச்சை எழுத்தில் போட்டதைப் பார்த்ததும் பக்கெட்டைத் தட்டிவிட்டுத் தரையெல்லாம் பினாயில் தண்ணீர். ஒரு தடவைக்கு இரண்டு தடவை துடைத்தேன், சந்தோஷமாகவே துடைத்தேன். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

இப்போது தூரம், வேகம், நேரம் என்று ஒரு கணக்கு வருகிறது. அதுதான் என்னைப் படாத பாடு படுத்துகிறது.

அம்மா
அன்புக்கரசி


வடக்குத்து
7.12.2014

அன்பு மகளுக்கு,

எட்டு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. என் மேல் கோபமாகவே இரு, ஆனால் இதைப் படித்துவிடு. வேறு யாரோ சொல்லி நீ கேட்கக் கூடாது.

போன மாதம் கடைசித் திங்கள்கிழமை பிரேயரில், அந்தப் பயிற்சிக் கம்பெனியிலிருந்து சென்னைக்காரர் ஒருவர் வந்திருந்தார். பள்ளியிலேயே அதிகம் முன்னேறிய பிள்ளைக்குப் பரிசு என்று தலைமையாசிரியர் மைக்கில் சொன்னார். "ஒன்பதாம் வகுப்பு, சத்யா!"

யாரும் வரவில்லை. கையில் விளக்குமாற்றோடு பின்னால் நின்ற நான் இன்னும் இரண்டடி பின்னுக்கு நகர்ந்தேன். மறுபடியும் கூப்பிட்டார். அப்போது ஒரு வாண்டு கத்தியது: "சார், அவ டி.சி. வாங்கினு போயி ஆறு மாசம் ஆவுது சார்!" மைதானமே சிரித்தது.

தலைமையாசிரியருக்கு அவமானம். புஷ்பவல்லி மிஸ்ஸை அறைக்குக் கூப்பிட்டார். பயிற்சி நடந்த நேரமெல்லாம் சாயந்திரம் ஐந்திலிருந்து ஐந்து நாற்பது என்று கம்ப்யூட்டரே காட்டுகிறது. லேப் சாவி மிஸ் பொறுப்பில்; சாயந்திரம் அதை வாங்கிப் பூட்டுகிறவள் நான் என்பது தலைமையாசிரியர் நினைவிலேயே இல்லை. "நல்ல பேர் வாங்கறதுக்கு நீங்களே உக்காந்து போட்டீங்களா? நாளையிலேர்ந்து வர வேணாம்" என்கிறார். அந்தப் பெண்ணும் கான்ட்ராக்ட்தான், மணி. கல்யாணத்துக்கு நாள் குறித்திருக்கிறது. நான் போடவில்லை சார் என்று அழுகிறாள். நான் வராந்தாவைத் துடைப்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் என் வேலை தங்கும். உன் கல்லூரிச் செலவும் ஞாபகம் வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அவளும் ஒரு வீட்டுப் பெண்தானே. பக்கெட்டை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

"ஐயா, அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க. அந்தக் கணக்கெல்லாம் போட்டது நாந்தாங்க."

தலைமையாசிரியர் நம்பவில்லை. "நீயா? என்னா படிச்சிருக்க?"

"ஏழாவதுங்க. மிஷினு எட்டாவதுன்னு சொல்லுதுங்க."

மிஸ்ஸைக் காப்பாற்றப் புளுகுகிறேன் என்று நினைத்துவிட்டார். சென்னைக்காரர்தான், போட்டுக் காட்டட்டுமே சார் என்றார். லேபுக்குப் போனோம். என் பேரைக் கேட்டு, கம்ப்யூட்டரில் புதிதாகப் பதிவு செய்தார். திரையில் அன்புக்கரசி என்று வந்தது. அதைப் பார்த்ததும் பயம் போய்விட்டது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பின்னால் தலைமையாசிரியர், ஜன்னலில் ஒன்பதாம் வகுப்பு மொத்தமும். நாற்பது கேள்வியில் மூன்று தப்பு. அதில் இரண்டு அந்தப் பாழாய்ப் போன தூரம், வேகம். எட்டாம் வகுப்பு என்று பச்சையில் போட்டது. ஜன்னல் பிள்ளைகள் கை தட்டியதைக் கேட்டு அழுகை வந்துவிட்டது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

மிஸ்ஸை விட்டுவிட்ட தலைமையாசிரியர், தப்பு தப்புதான் என்று என்னை ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்றார். சம்பளம் கிடையாது. அது நியாயம். மறு வாரம் போனபோது பழைய சீட்டுகளையெல்லாம் கிழித்திருந்தார்கள். பதினான்காம் எண்ணில் என் பெயரில் ஒரு சீட்டு, மிஸ் கையெழுத்து. எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்கு விண்ணப்பமும் அவளே எழுதிக் கையெழுத்து வாங்கினாள். விஷயத்தை உன் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். மறுநாள் ஷிப்டில் அவரோடு வேலை செய்கிற அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம்.

உனக்கு அவமானம் என்றால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. எனக்கு அவமானம் இல்லை.

அம்மா
அன்புக்கரசி


திருச்சி
21.12.2014

என் அம்மாவுக்கு,

கிழிக்கவில்லை.

எட்டு வாரமும் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். சோறு இறங்கவில்லை என்று நீ எழுதியதற்கு என்ன பதில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை அம்மா. முட்டி வலி என்று எழுதிய கைக்கு இரண்டு அடி போடலாம்.

இந்தக் கடிதத்தை ரூமில் சத்தமாக வாசித்தேன். என்னோடு தங்கியிருக்கிற மூன்று பேரும் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார்கள். நாற்பதில் மூன்று தப்பு என்ற இடத்தில் ஒருத்தி தலையணையைத் தூக்கிப் போட்டாள். பிறகு அவள் கேட்டாள்: "அப்போ உங்கம்மா டீச்சர் இல்லியா?" இல்லை, கூட்டிப் பெருக்குகிற வேலை என்றேன். இத்தனை நாள் எதற்குப் பயந்தேன் என்றே புரியவில்லை. எனக்கு உன்னை நினைத்து அவ்வளவு பெருமை அம்மா.

முதல் பருவத் தேர்வில் கணக்கில் நான்தான் முதல். ஜனவரி 24, பெற்றோர் தினத்தில் பரிசு. பரிசு வாங்குகிறவர்களின் அம்மா அப்பா பெயர், படிப்பு, வேலை எல்லாம் மேடையில் வாசிப்பார்கள். நான் முதலில் கொடுத்த படிவத்தில் உன் வேலை "பள்ளி" என்று மட்டும் இருந்தது. அதைத் திரும்ப வாங்கி மாற்றிக் கொடுத்துவிட்டேன். அன்புக்கரசி, துப்புரவுப் பணியாளர், எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதப்போகிறார். வார்டன் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன் மேடம் என்றேன்.

நீ வர வேண்டும். வராவிட்டால் நான் மேடை ஏற மாட்டேன். காலை பத்து மணிக்கு ஆரம்பம்.

உன் மகள்
மணிமொழி


வடக்குத்து
4.1.2015

அன்பு மகள் மணிமொழிக்கு,

உன் கடிதத்தை அப்பா மூன்று முறை படித்தார். நாலாவது முறை படிக்கக் கேட்டார், நான் கொடுக்கவில்லை.

வருகிறேன். அப்பாவும் லீவு சொல்லிவிட்டார். அன்றைக்கு மட்டும் செருப்பு போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், அந்த ஷூ வேண்டாம்.

காலை ஐந்தேகாலுக்கு முதல் பஸ். திருச்சிக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டேன். மணிக்கு நாற்பது கிலோமீட்டர் என்று வைத்தால் மூன்றே முக்கால் மணி நேரம். விருத்தாசலத்தில் வண்டி மாறக் கால் மணி. ஆக, ஒன்பதேகாலுக்கு உன் கல்லூரி வாசலில் இருப்பேன். யாரையும் கேட்காமல் நானே போட்ட கணக்கு. விடை சரியா என்று வாசலில் நின்று பார்.

உன் அம்மா
அன்புக்கரசி