மூவிகளுக்கு வீடு இல்லை

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்களும் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

அம்மா தூங்குகிறாள். அவளுக்குத் தெரியாமல் சமையலறை விளக்கில் எழுதுகிறேன். விடிகாலை நாலரைக்கு சினிமா கம்பெனி வேன் வந்து, வழக்கம்போல் தெருமுனை தாண்டி நிற்கும். நாளைக்கு ரயில் விபத்துக் காட்சியாம். போன வாரம் முழுக்க வெள்ளத்தில் பிணமாகக் கிடந்தாள். சளி இன்னும் விடவில்லை.

நீ நர்சுக்குப் படிப்பதால் அம்மாவுக்கும் ஆஸ்பத்திரி வேலை என்பதை வீட்டுக்காரர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அவள் நகக்கண்ணில் ஷூட்டிங்கில் ரத்தமென்று பூசும் சிவப்புச் சாயத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரம்மா, "ரத்தத்துல கை வெக்கிற பொழப்பு, பாவம்" என்று உச்சுக் கொட்டினார். வாசலில் 'சினிமாக்காரர்களுக்கு வீடு இல்லை' அட்டை அப்படியே தொங்குகிறது.

அக்கா, நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். ஏதாவது ஒரு சொல் எப்படி வந்தது என்று எழுதச் சொன்னார் டீச்சர். நான் 'மூவி'யை எடுத்தேன். அசையும் படம் என்பதற்கான ஆங்கிலப் பேரைச் சுருக்கிக் கூப்பிட்டது அது. ஆனால் நூலகப் புத்தகத்தில் இன்னொன்றும் இருந்தது. ஆரம்பத்தில் அமெரிக்காவில் படம் எடுக்க வந்து இறங்கிய ஆட்களையே உள்ளூர்க்காரர்கள் 'மூவிகள்' என்றார்களாம். ஏதோ பூச்சி வந்து அடைந்த மாதிரி. 'மூவிகளுக்கு வீடு இல்லை' என்று வாசலில் எழுதியும் மாட்டினார்களாம். அந்த அட்டை எங்கள் வாசலிலும் உண்டு, அதைத் தாண்டித்தான் துணை நடிகையான என் அம்மா தினமும் உள்ளே வருகிறாள் என்று எழுதி முடித்தேன். டீச்சர் மட்டும்தான் படிப்பார் என்று நினைத்தேன். அதற்கு முதல் பரிசாம். சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் பலகையில் ஒட்டப்போகிறார்கள். வீட்டுக்காரரின் பெண் என் வகுப்பு. அவர் வராமல் இருப்பாரா?

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் டிவியில் படம் போட்டார்கள். என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். போர்க்களத்தில் செத்துக் கிடந்த பெண்களில், குதிகாலில் அந்தத் தீக்காயத் தழும்போடு அம்மா. வீட்டுக்காரர் துண்டில் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார். விளம்பரம் வந்ததும் கடலையை மென்றபடி, "பொணமாக் கிடக்கக் கூலி வாங்குதுங்க பாரு, தூ! இதுங்களை விட்டா வீடு உருப்படுமா?" என்றார். மூக்கு இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் அக்கா. அதை நினைத்தால் அவர் மூக்கைவிட என் வாய்தான் அருவருப்பாக இருக்கிறது.

அம்மா செத்துப்போய்விட்டாள் என்று நீ ஹாஸ்டலில் சொல்லி வைத்திருக்கிறாய். உன் தோழி போனில் உளறிவிட்டாள். அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

தாளைத் திரும்பக் கேட்கலாம் என்று இன்று டீச்சர் அறை வாசல் வரை போனேன். அம்மா பெயரை நானே கிழிப்பதா என்று தோன்றியது. திரும்பி வந்துவிட்டேன். காலி செய்யச் சொன்னால் எங்கே போவோம் என்று தெரியவில்லை.

சனிக்கிழமை வந்துவிடு. கூட்டத்தில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், எதுவும் பேச வேண்டாம். முந்தின ராத்திரியே வந்தால் இன்னும் நல்லது. பிடரியில் காய்ந்த சாயம் அவள் கைக்கு எட்டாது. நான் தேய்த்தால் போகமாட்டேன் என்கிறது. முன்பெல்லாம் நீதானே தேய்த்துவிடுவாய்.

வழி பார்த்திருக்கும்,
உன் வாலு