எர்த் குழிக்கு ஊற்றிய தண்ணீர்

சித்திரை, வெள்ளி இரவு.

நானே செய்த மின்னிசைப் பெட்டி, அந்தச் சிந்தசைசர், சில நாளாக இரைந்துகொண்டிருந்தது. எந்தக் கட்டையை அழுத்தினாலும் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று கூடவே ஓர் இரைச்சல். எர்த்தில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். வீட்டுக்குப் பின்னால் எர்த் கம்பி புதைத்த குழி இந்த வெயிலுக்குக் காய்ந்து வெடித்துக் கிடந்தது. மண்ணில் ஈரம் இருந்தால்தான் எர்த் பிடிக்கும். செல்வி மில்லுக்குப் போயிருந்தாள். விடியுமுன் குழாயடியில் நின்று அவள் பிடித்து வைத்திருந்த இரண்டு குடத்தையும் குழியில் கவிழ்த்தேன். இரைச்சல் துளியும் குறையவில்லை.

பிறகுதான் பெட்டியைத் திறந்தேன். ஸ்பீக்கர் வயரைச் செருகும் இடத்தில் எர்த் வயர் ஈயப் பற்று விட்டுத் தொங்கியது. நான் வைத்த பற்று. சூடு காட்டி ஒரு சொட்டு ஈயம் வைத்ததும் இரைச்சல் நின்றுவிட்டது. என் கைவேலையில் தப்பிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

செல்வி வந்ததும் கேட்டாள். “ஏங்க, கொடத்துல தண்ணியக் காணமே?”

“எர்த்துக்கு ஊத்துனேன். அதான் இரைச்சல் நின்னுருச்சு.” யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

“நின்னுருச்சுல்ல? அப்பச் சரி. சொல்லிருந்தா நேத்தே ஊத்திருப்பேன்ல.” வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் கேட்கப் போனாள்.

ராத்திரி அரிசி களைந்த தண்ணீரையும் அந்தக் குழியில்தான் ஊற்றினாள். அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

இப்போது படுக்கப் போகுமுன் முகம் கழுவுகிறாள். ஜன்னல் வழியே தெரிகிறது. ஒரு சொம்புத் தண்ணீரோடு போய், அந்தக் குழிக்கு நேராகக் குனிந்து நின்று கழுவுகிறாள்.